ஸ்ட்ரெய்ட்னிங் செய்த முடிக்கு எண்ணெயும் சீரமும் எவ்வளவு? மலைப்பக்கப் பார்லர்களுக்கான அளவுகள்

#1 குன்னூர்ச் சீப்பு

ரீபாண்டிங், ஸ்மூத்னிங் என்று கெமிக்கல் போட்டு முடியை நேராக்கிக்கொண்ட கஸ்டமர்கள் ஒன்றிரண்டு மாதம் கழித்து ஹேர் வாஷுக்கு வரும்போது இரண்டு விதமாக வருகிறார்கள். ஒரு கூட்டம் எண்ணெயில் தோய்ந்து, முடி கயிறு கயிறாகத் தொங்க வருகிறது. இன்னொரு கூட்டம் "கெமிக்கல் போட்ட முடியில எண்ணெயே படக்கூடாது" என்று யாரோ சொன்னதை நம்பி நுனியெல்லாம் வெடித்து வருகிறது. பார்லருக்குள்ளும் ஒழுங்கு இல்லை. ஒரு பெண் சீரத்தை இரண்டு பம்ப் எடுக்கிறாள், அடுத்தவள் அதே முடிக்கு ஐந்து பம்ப்.

தோள் வரை, இடுப்பு வரை என்று வைத்துக்கொண்டு மில்லி கணக்கில் அளவு வேண்டும். குளிக்கும் முன் வைக்கிற எண்ணெய், குளித்த பின் அலசாமல் விடுகிற லீவ்-இன் க்ரீம், அயர்னிங்குக்கு முன் சூட்டிலிருந்து காக்கிற ஹீட் ப்ரொடெக்டன்ட், கடைசியில் சீரம் என்று தனித்தனியாகச் சொன்னால் நல்லது. யூட்யூபில் ரிலாக்ஸர் வீடியோக்களில் உள்ளங்கை நிறைய எண்ணெய் எடுக்கிறார்களே, அது நம் ஊர் முடிக்குப் பொருந்துமா?

#2 கோத்தகிரிக் கத்திரி

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன் அக்கா, குழப்பமே அங்கேதான். பொருந்தாது.

அந்த வீடியோக்களில் இருப்பது ஆப்பிரிக்க வம்சாவளியினரின் இறுக்கச் சுருள் முடி. அதற்குப் போடுவது சோடியம் ஹைட்ராக்சைடு அல்லது குவானிடின் ஹைட்ராக்சைடு ரிலாக்ஸர். பி.எச். 12க்கு மேல், கடும் காரம். பெரும்பாலும் முடியைக் குச்சி மாதிரி நேராக்குவதில்லை, சுருளைத் தளர்த்தி விடுவார்கள். தலையில் சுரக்கிற எண்ணெய் அந்த வளைவுகளைத் தாண்டி நுனிக்கு எளிதில் இறங்காது. அதனால் அவர்களுக்கு வெளியிலிருந்து கொடுக்கிற எண்ணெய் உண்மையிலேயே தேவை.

நம் பார்லர்களில் செய்கிற ரீபாண்டிங் க்ரீம் பெரும்பாலும் அமோனியம் தயோகிளைக்கோலேட் (சுருக்கமாகத் தயோ), பி.எச். 9, 9.5 பக்கம். அதன் மேல் அயர்ன் போட்டு, அந்த வடிவத்தை நிலைக்க வைக்கிற நியூட்ரலைஸர் வைத்து முடியை முழுக்க நேராக்கிவிடுகிறோம். நேர் முடியில் தலையெண்ணெய் தடையில்லாமல் இறங்கும். ஸ்ட்ரெய்ட்னிங்குக்கு முன் ஒருவர் எவ்வளவு எண்ணெய் வைத்தாரோ அதையே பின்னாலும் வைத்தால் மேல் பாதி பிசுக்காகத்தான் போகும். பழைய அளவில் பாதியிலிருந்து ஆரம்பியுங்கள். காதுக்கு மேலே எதுவும் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஹைட்ராக்சைடு போட்ட முடியில் தயோ போகக்கூடாது, தயோ போட்ட முடியில் ஹைட்ராக்சைடு போகக்கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்து தங்குகிறவர்கள் வேரில் வளர்ந்த புது முடிக்கு டச்-அப் கேட்டால் முன்பு போட்டது எது என்று கேட்காமல் கை வைக்காதீர்கள். முடி பிடியோடு கையில் வரும்.

#3 லேப்கோட்

கத்திரி சொன்னது சரி. ஆனால் "தலையெண்ணெய் இறங்குகிறது, அது போதும்" என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

முடியின் வெளிச்செதில் மேல் கொழுப்பு அமிலப் பூச்சு ஒன்று ரசாயனப் பிணைப்பாகவே ஒட்டியிருக்கும். 18-எம்இஏ என்பார்கள். தண்ணீரை ஒட்டவிடாமல் வழுக்கலாக வைத்திருப்பது அதுதான். காரமான க்ரீம் எதுவானாலும் அதை உரித்துவிடும், நியூட்ரலைஸரில் இருக்கிற பெராக்சைடு மிச்சத்தையும் எடுக்கும். பூச்சு போன முடி தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சும், ஊதும், காய நேரம் எடுக்கும், ஒன்றோடொன்று உரசிச் சிக்காகும். நாம் போடுகிற சீரமும் எண்ணெயும் அந்தப் பூச்சுக்கு மாற்றுதான். மாற்றாக வேண்டியது ஒரு மெல்லிய படலம். அதற்கு மேல் போடுகிற ஒவ்வொரு சொட்டும் எடையாகவும் அழுக்குப் பிடிக்கிற பிசினாகவும்தான் வேலை செய்யும்.

குளிக்கும் முன் எண்ணெய் வைப்பது வேறு கணக்கு. தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் சின்ன, நேரான மூலக்கூறு. முடித்தண்டுக்குள்ளேயே போகும். ரேலே, மோஹிலே என்ற இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். அலசும்போது வெளியேறுகிற புரதத்தைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். கெமிக்கல் போட்ட முடியில் அந்த இழப்பு அதிகம் என்பதால், வாரம் ஒரு முறை குளிக்கும் முன் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. குளித்த பிறகு அதையே தடவிக்கொண்டு வெளியே போவதற்கு அவ்வளவு காரணம் இல்லை.

#4 கொடை மல்லி

அளவு கேட்டீர்கள். நடுத்தர அடர்த்தி, நடுத்தரத் தடிமன் உள்ள முடிக்கு இது.

குளிக்கும் முன் தேங்காய் எண்ணெய்: தோள் வரை 4 முதல் 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன். இடுப்பு வரை 8 முதல் 10 மில்லி. காது மட்டத்திலிருந்து கீழே மட்டும். ஒரு மணி நேரம் போதும், ராத்திரி முழுக்க வைத்துத் தலையணையை நாசம் செய்ய வேண்டியதில்லை.

அலசி எடுக்கிற கண்டிஷனர்: தோள் வரை 10 முதல் 15 மில்லி, இடுப்பு வரை 20 முதல் 25. இரண்டு மூன்று நிமிடம்.

லீவ்-இன் க்ரீம்: தோள் வரை 2 முதல் 3 மில்லி, இடுப்பு வரை 4 முதல் 5. டவலால் ஒற்றி எடுத்த ஈர முடியில்.

ஹீட் ப்ரொடெக்டன்ட் ஸ்ப்ரே: அயர்னோ ப்ளோ ட்ரையோ இருந்தால் மட்டும். சின்ன மிஸ்ட் பாட்டிலில் ஒரு அழுத்துக்கு 0.1 முதல் 0.15 மில்லி வரும். தோள் வரை 12, 15 அழுத்து. இடுப்பு வரை 25, 30.

சீரம்: தோள் வரை அரை மில்லி, இடுப்பு வரை ஒரு மில்லி.

மெல்லிய முடிக்கு எல்லாவற்றையும் பாதியாக்குங்கள். தடித்த, அடர்ந்த முடிக்கு மூன்றில் ஒரு பங்கு கூட்டலாம். ஒரே நாளில் எல்லாம் போட வேண்டும் என்று அர்த்தமில்லை. லீவ்-இன் பாட்டிலிலேயே ஹீட் ப்ரொடெக்ஷன் என்று போட்டிருந்தால் ஸ்ப்ரே தேவையில்லை. குளித்த பிறகு போட்டு அலசாமல் விடுகிற எல்லாம் சேர்ந்து தோள் வரை முடிக்கு 6 மில்லியைத் தாண்டினால் ஏதோ ஒன்று அதிகம்.

"இரண்டு பம்ப்" என்பது அளவே இல்லை. சீரம் பம்ப் 0.2 மில்லியும் தள்ளும், அரை மில்லியும் தள்ளும். லோஷன் பம்ப் 2 மில்லி வரை தள்ளும். புது பாட்டில் திறந்ததும் இருமல் மருந்து மூடியில் பத்து தடவை அழுத்தி, வந்ததைப் பத்தால் வகுத்து, பாட்டிலின் மேல் மார்க்கரால் எழுதி வையுங்கள். பார்லரில் யார் எடுத்தாலும் அளவு ஒன்றாகிவிடும்.

#5 ஊட்டிப் பனி

மல்லி மேடம், அளவெல்லாம் சமவெளிக்குச் சரி. இங்கே தேங்காய் எண்ணெய் வருஷத்தில் பாதி நாள் பாட்டிலை விட்டே வராது. கட்டியைக் கரண்டியால் சுரண்டி எடுத்தால் ஒரு டீஸ்பூன் எங்கே, மூன்று டீஸ்பூன் வந்துவிடும். என் கட்சி, ஊட்டியில் தேங்காய் எண்ணெயை விட்டுவிட்டு ஆர்கன் மாதிரி உறையாத எண்ணெய்க்குப் போய்விடுவதுதான்.

#6 கொடை மல்லி

உறைகிறது என்பதற்காக விட வேண்டாம் தம்பி. அது 24 டிகிரி பக்கம் உறைகிற எண்ணெய். 2,240 மீட்டரில் இருக்கிற ஊட்டியிலும், இங்கே கொடைக்கானலிலும் கட்டியாகத்தான் இருக்கும். பெரிய பாட்டிலை அப்படியே சூடாக்காமல், அன்றைக்கு வேண்டிய 5 மில்லியை மட்டும் சின்னக் கிண்ணத்தில் எடுத்து வெந்நீரில் இறக்குங்கள். இரண்டு நிமிடத்தில் உருகும். நேரே அடுப்பில் வைக்காதீர்கள். உருகிய பிறகு அளந்தால் அளவு தப்பாது.

நீங்கள் சொன்னதில் ஒரு பாதி உண்மை. குளித்த பிறகு, முடியில் விட்டுவைப்பதற்கு இந்தக் குளிரில் தேங்காய் எண்ணெய் ஆகாது. கையில் உருகிப் போகும், வெளியே காற்றுப் பட்டதும் நுனியில் மறுபடி உறையும். முடி மெழுகு பூசினாற்போல விறைப்பாக, வெளிறித் தெரியும். அதைப் பார்த்து "வறண்டு போச்சு" என்று இன்னும் கொஞ்சம் தடவுவார்கள். அந்த இடத்துக்கு ஆர்கன் சரி, சிலிக்கான் சீரம் அதைவிடச் சரி. சீரம் இல்லாமல் வெறும் எண்ணெய் என்றால் தோள் வரை முடிக்கு 2, 3 சொட்டு, இடுப்பு வரை 5, 6 சொட்டு, அவ்வளவுதான்.

#7 ஊட்டிப் பனி

ஒப்புக்கொள்கிறேன். குளிக்கும் முன் தேங்காய், குளித்த பின் சீரம். ஆனால் எண்ணெயை எடுக்கும்போது இன்னொரு சிக்கல் வரும். பைப் தண்ணீர் பத்து பன்னிரண்டு டிகிரியில் வந்தால் எண்ணெய் முடியிலேயே உறைந்து, ஷாம்பு மேலாக வழுக்கிப் போகும். இரண்டாவது ஷாம்பு, மூன்றாவது ஷாம்பு என்று போட்டு முடியை இன்னும் வறட்சியாக்குவார்கள். அலசுகிற தண்ணீர் 38, 40 டிகிரி, குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு இருக்க வேண்டும். கீஸர் கொதியும் வேண்டாம்.

#8 கோத்தகிரிக் கத்திரி

பனி சொன்னதோடு இதையும் சேருங்கள். எண்ணெய் வைத்த நீளத்தில் ஷாம்புவுக்கு முன்னால் 10 மில்லி கண்டிஷனரைத் தேய்த்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். பால் மாதிரி வெள்ளையாகக் கரையும். அதை அலசிவிட்டு, ஷாம்புவைத் தலைத்தோலில் மட்டும் ஒரு தடவை போட்டால் நுரை இறங்குகிற வழியில் நீளம் தானாகச் சுத்தமாகும். கெமிக்கல் போட்ட நுனியை ஷாம்பு போட்டுக் கசக்கவே வேண்டாம்.

ஓடைத் தண்ணீர், ஊற்றுத் தண்ணீர் வருகிற இடங்களில் தண்ணீர் பெரும்பாலும் உப்பு குறைந்து மென்மையாக இருக்கும். நுரை அள்ளிக்கொண்டு வரும், கண்டிஷனர் சீக்கிரம் போகாது. கோயம்புத்தூர் போர்வெல் தண்ணீருக்குப் பழகிய கை இங்கே வந்தால் ஷாம்பு, கண்டிஷனர் இரண்டையும் மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம்.

#9 குன்னூர்ச் சீப்பு

பெரிய உதவி, எல்லாருக்கும் நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. சீரம் அளவு சரியாக எடுத்தாலும் முன்பக்கம் பிசுபிசு, பின்பக்கம் சிக்கு. ஏன்? இன்னொன்று, அயர்னிங்குக்கு முன் எண்ணெய் தடவினால் பளபளப்பு வரும் என்று சில பேர் செய்கிறார்களே?

#10 கொடை மல்லி

முதல் கேள்விக்கு: கை முதலில் படுகிற இடத்தில்தான் பாதி சரக்கு இறங்கும். நேராக நெற்றி வகிட்டில் கை வைத்தால் அங்கேதான் பிசுக்கு. சீரத்தை உள்ளங்கையில் விட்டு, விரல் இடுக்குகளிலும் பரவும்படி தேய்த்துக்கொள்ளுங்கள். கை மினுங்க வேண்டும், ஈரமாகத் தெரியக்கூடாது. பிறகு கஸ்டமரின் பின்னால் நின்று, மேல் முடியைத் தூக்கிக் கிளிப் போட்டுவிட்டு, பிடரியின் அடி அடுக்கில், நுனியிலிருந்து ஆரம்பியுங்கள். மஃப்ளரும் ஸ்வெட்டர் காலரும் உரசுகிற இடம் அதுதான், சிக்கு விழுவதும் அங்கேதான். அடுத்து நடு நீளம், பக்கவாட்டு. கையில் மிஞ்சியதை மட்டும் மேலே, குல்லா கழற்றியதும் பறக்கிற முடிகள் மேல் ஒத்தி எடுங்கள். மறுபடி பாட்டிலைத் தொட வேண்டாம்.

போதுமா என்று பார்க்க: ஒரு செக்‌ஷனை டிஷ்யூவில் மடித்து மெல்ல அழுத்துங்கள். டிஷ்யூவில் கண்ணாடி மாதிரிக் கறை விழுந்தால் அதிகம். கறையே இல்லாமல், முடியில் டிஷ்யூ சொரசொரவென்று பிடித்து இழுத்தால் குறைவு.

#11 லேப்கோட்

இரண்டாவது கேள்விக்கு: வேண்டாம். வர்ஜின் தேங்காய் எண்ணெய் 175 டிகிரி பக்கத்தில் புகைய ஆரம்பிக்கும். பார்லர் அயர்ன் 180 முதல் 230 வரை போகிறது. வருவது பளபளப்பல்ல, எண்ணெய் கருகுவது. ப்ளேட்டில் பழுப்புப் பிசின் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் அதே பிசின் அடுத்த கஸ்டமரின் முடியிலும் இழுபட்டு ஒட்டும். ஹீட் ப்ரொடெக்டன்ட்டில் இருக்கிற சிலிக்கான்களும் பாலிமர்களும் சூட்டை மெதுவாகக் கடத்தி, பரவலாக்குகின்றன. அந்த வேலையைச் சமையலறை எண்ணெயிடம் கேட்க முடியாது.

ஏற்கெனவே நேராக்கிய முடிக்கு 150 முதல் 170 டிகிரி போதும், 180ஐத் தாண்ட வேண்டாம். ஒரு செக்‌ஷனுக்கு ஒரு இழுப்பு, மிஞ்சினால் இரண்டு.

இதைவிட ஆபத்தானது ஈரம். முடிக்குள் இருக்கிற தண்ணீர் சட்டென்று ஆவியாகித் தண்டுக்குள் குமிழ் குமிழாக இடத்தைப் பிடிக்கும். ஒரு வாரம் கழித்து முடி அந்தக் குமிழ் இருந்த இடத்தில் முறியும், பழி எண்ணெய் மேலோ க்ரீம் மேலோ விழும். மூடுபனி நாளில், குளிர்ந்த அறையில், முடியைத் தொட்டால் காய்ந்ததா ஈரமா என்று கைக்குத் தெரியாது, எல்லாமே ஜில்லென்று இருக்கும். அதனால் பிடரி அடுக்கைத் தனியாகத் தூக்கி ட்ரையர் காட்டிவிட்டு, முதல் இழுப்பைக் குறைந்த சூட்டில் போடுங்கள். "சுர்" என்று சத்தமோ ஆவியோ வந்தால் அயர்னைக் கீழே வையுங்கள். ஸ்ப்ரேயை நிறைய அடித்துவிட்டு உடனே அயர்ன் போட்டாலும் இதேதான் நடக்கும்.

#12 பழனிமலைத் தென்றல்

நீலகிரித் தைலத்தைத் தலைக்கு வைக்கிற எண்ணெயில் கலக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். 5 சொட்டு சேர்த்தால் தப்பா? சாலையோரம் விற்கிற மூலிகை எண்ணெயும் வாங்கி வருகிறார்கள்.

#13 லேப்கோட்

ஸ்ட்ரெய்ட்னிங் செய்த இரண்டு வாரத்துக்குள் கூடவே கூடாது. காரம் பட்ட தலைத்தோலில் தைலம் எரியும். அதன் பிறகும் நேராகப் பூசக்கூடாது. கலந்து வைத்தாலும் முடிக்கு ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் தைலம் ஆவியாகிப் போகிற பொருள், முடியில் படலமாகத் தங்காது. சீக்கிரம் தீப்பிடிக்கிற பொருளும்கூட. தைல வாசனையோடு வருகிற முடியை அலசாமல் அயர்ன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பொருள் பட்டியல் அச்சிடாத பாட்டிலை, எந்த ஊர் எண்ணெயானாலும், கெமிக்கல் போட்ட தலையில் வைக்க வேண்டாம்.

#14 ஊட்டிப் பனி

பொடுகு பற்றி யாரும் சொல்லவில்லை. குளிர் என்று வாரம் ஒரு தடவைதான் தலைக்குக் குளிக்கிறார்கள். தோல் உரிவதை வறட்சி என்று நினைத்து வேரில் எண்ணெய் விடுகிறார்கள். பொடுகில் பெருகுகிற மலசீஸியா பூஞ்சைக்குத் தீனியே கொழுப்பு அமிலங்கள்தான், தேங்காய் எண்ணெயில் இருப்பதும் அதில் அடக்கம். எண்ணெய் விட்டதும் செதில் படிந்து மறையும், இரண்டு நாளில் இன்னும் தடிப்பாக வரும். அவர்களுக்கு வேரில் எண்ணெய் சுத்தமாக நிறுத்த வேண்டும். 2% கீட்டோகோனசோல் ஷாம்புவைத் தலைத்தோலில் மட்டும் 3 முதல் 5 நிமிடம் விட்டு, வாரம் இரண்டு தடவை அலச வேண்டும். நீளத்துக்கு முன்னாடியே கண்டிஷனர் பூசிவிட்டால் அங்கே வறளாது. சிவந்து, நீர் கசிந்தால் டாக்டரிடம் அனுப்புங்கள், பார்லர் வேலை இல்லை.

#15 பழனிமலைத் தென்றல்

நன்றி. மழைக்காலத்தில் வேர்ப்பக்கம் புசுபுசுவென்று எழும்புவதற்கு எண்ணெய் போட்டு அமுக்குவது சரியா?

#16 கோத்தகிரிக் கத்திரி

அமுக்க முடியாது சகோ. முடி மாதம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். ஆறு மாதத்தில் 6, 7 சென்டிமீட்டர் சொந்த அலை முடி வேரில் இருக்கும். அது கெமிக்கல் படாத முடி, தலையெண்ணெயும் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் மேல் எண்ணெய் ஊற்றினால் மாலைக்குள் எண்ணெய் வழியும், அலை அப்படியே இருக்கும். ஈரமாக இருக்கும்போது சீரம் இரண்டு சொட்டு மட்டும் சீப்பில் தடவி வாரி, ரவுண்ட் பிரஷில் இழுத்துப் பிடித்து ட்ரையர் காட்டுங்கள். சாரல் மாதங்களில் பொருள் பட்டியலில் கிளிசரின் முன்வரிசையில் எழுதியிருக்கிற லீவ்-இன்னைத் தள்ளி வையுங்கள், காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து ஊதவைக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை காற்று காய்ந்து, குல்லா கழற்றும்போது முடி படபடவென்று பறக்கிற நாளில் சீரத்தைக் கால் மில்லி கூட்டலாம்.

#17 குன்னூர்ச் சீப்பு

நுனி நொறுங்குகிறவர்களுக்கு எண்ணெயைக் கூட்டினால் சரியாகுமா?

#18 லேப்கோட்

முதலில் சோதித்துப் பாருங்கள். ஈரமான ஒற்றை முடியை இரண்டு விரலால் மெல்ல இழுங்கள். கொஞ்சம் நீண்டு, விட்டதும் பழையபடி சுருங்கினால் முடி நல்ல நிலையில் இருக்கிறது, வழுக்கல்தான் குறைவு. சீரமும் கண்டிஷனரும் உதவும். ஜவ்வாக நீண்டு, திரும்பாமல் அறுந்தால் உள்பிணைப்பே போய்விட்டது. அதை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது. நிறைய எண்ணெய் போட்டால் வாரும்போது முறிவது கொஞ்ச நாள் தெரியாமல் இருக்கும், அவ்வளவுதான். அந்த முடிக்கு நுனியை வெட்டி, அயர்னை நிறுத்தி, அடுத்த கெமிக்கலை மறுத்து அனுப்ப வேண்டும். கஸ்டமர் கோபித்துக்கொண்டாலும் மறுத்தே ஆக வேண்டும்.

#19 கொடை மல்லி

டச்-அப்புக்கு வருகிறவர்களுக்கான எண்ணெய்க் கணக்கையும் எழுதி வைத்துவிடுகிறேன், தேடி வருகிறவர்களுக்குப் பயன்படும்.

தயோ க்ரீம் என்றால் தலையில் எண்ணெய் துளிகூட இருக்கக்கூடாது. எண்ணெய் படலம் க்ரீமைச் சீராக இறங்க விடாது, ஒரு கொத்து நேராகும், பக்கத்துக் கொத்து அலையாகவே நிற்கும். கண்டிஷனர் இல்லாமல், படிவுகளை நீக்குகிற க்ளாரிஃபையிங் ஷாம்பு போட்டு அலசிக் காயவையுங்கள், நகத்தால் தோலைக் கீற வேண்டாம். ஹைட்ராக்சைடு ரிலாக்ஸருக்கு நேர் எதிர். முன்னால் ஷாம்பு கிடையாது. நெற்றியோரம், காது, கழுத்து எல்லாம் பெட்ரோலியம் ஜெல்லி பூசிய பிறகே க்ரீம்.

இரண்டிலும் பழைய நேர் முடியில் மறுபடி க்ரீம் படக்கூடாது. தயோவில் பழைய நீளத்துக்குக் கெட்டிக் கண்டிஷனர் 10 முதல் 15 மில்லி பூசுங்கள். புது முடி தொடங்குகிற கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழேயே நிறுத்துங்கள், இல்லையென்றால் அது மேலே ஏறிக் க்ரீமைத் தடுக்கும். அறை குளிராக இருந்தால் க்ரீம் மெதுவாக வேலை செய்யும், கடிகாரத்தை நம்பாமல் ஒரு இழையை அடிக்கடி சோதியுங்கள். க்ரீமை அலசும்போது அந்தக் கண்டிஷனரும் முழுக்கப் போயிருக்க வேண்டும். மிச்சம் இருந்தால் அடுத்து வருகிற அயர்னில் பொசுங்குவது பழைய முடிதான்.

#20 குன்னூர்ச் சீப்பு

இருமல் மருந்து மூடியில் இப்போதுதான் அளந்து பார்த்தோம். எங்கள் சீரம் பம்ப் ஒரு அழுத்துக்கு 0.4 மில்லி. தோள் வரைக்கு ஒன்று, இடுப்பு வரைக்கு இரண்டரை என்று பாட்டிலில் எழுதியாயிற்று. லீவ்-இன் பம்ப் 1.5 மில்லி, அதற்கும் எழுதுகிறோம்.